ஜெயந்தியின் அல்னா எலும்பு

ஜூன் 9, திங்கள்

விடியவே இல்லை, அவ்வளவு மழை. குடோனுக்குள் தண்ணீர். சுக்கு மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிவிட்டு மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூசி இல்லாத நாள், இருமலும் இல்லை.

அனாட்டமி பிசியாலஜி பரீட்சை ஜூலை 5. போன தடவை போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் டயாலிசிஸ் டெக்னீஷியன் கோர்ஸ் அவ்வளவுதான். ஆன்லைன் காலேஜில் பேரை எடுத்துவிடுவார்கள். முப்பத்து நாலு வயதில் வேறு யார் சேர்ப்பார்கள்? மறுபடி சுக்கு, சல்லடை, தூசி.

இன்றிலிருந்து இந்த டைரி தமிழில். என் வீட்டுக்காரருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளம் படித்தவர். ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கென்று ஒரு இடம். தென்காசியில் பத்தாவது வரை படித்தது இதற்காவது ஆகட்டும்.

செய்ய: எலும்பு முழுவதும். இதயம், இன்னொரு தடவை. சிறுநீரகம் (சோறு போடப்போவது இதுதான்). கேஸ் புக் பண்ண. இவருடைய கார்ப்பரேஷன் சட்டைக்குப் பட்டன்.

சாயங்காலம் ஜெயந்தி போன். என் பேட்ச்தான், பள்ளுருத்திக்காரி, இருபத்தாறு வயது. வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் கேள்வி கேட்பாள், நான் பதில். பிறகு நான் கேட்பேன்.

"அக்கா, ரத்தம் எப்படிப் போகும்னு பஸ் ரூட்டா நினைச்சுக்கோ. வலது ஏட்ரியம் பள்ளுருத்தி. வால்வு தோப்பும்படி பாலம், ஒரு வழிதான், திரும்ப முடியாது. பின்னே வலது வென்ட்ரிக்கிள். நுரையீரல் போயி காத்து வாங்கிட்டு வரணும்."

"காத்து வாங்க எங்க போறது?"

"ஃபோர்ட் கொச்சி பீச்சு. வேற எங்க?"

சிரித்தேன். ஒரு வருஷமாக மண்டையில் ஏறாதது ஏறிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டு விட்டு. பாத்திரம் கழுவும்போது வாய்விட்டுச் சொல்வது பலன் தருகிறது. படம் பார்ப்பதை விட, பார்க்காமல் வரைவது. இங்கிலீஷ் பெயர்களைத் துண்டு துண்டாக வெட்டிப் படிப்பது. இதெல்லாம் போன தடவை தெரியாது, புத்தகத்தை அப்படியே விழுங்கப் பார்த்தேன்.

இன்று வகுப்பில் கை எலும்புகள். மேடம் நன்றாகச் சொன்னார். விழும்போது எல்லாரும் கையை ஊன்றுவோம். அதனால் பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும், அதுவும் ரேடியஸ், கட்டைவிரல் பக்கத்து எலும்பு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. தலைக்கு அடி வரும்போது கையை மேலே தூக்கித் தடுப்போம் அல்லவா, அப்போது வெளியே தெரிவது அல்னா. அது தனியாக நடுவில் உடைந்திருந்தால் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் என்றார்.

ஜெ. வகுப்பில் இருந்தாள். கேமரா அணைத்திருந்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு நாளாக ஜெ. போன் இல்லை. மத்தியானம் மெசேஜ்: "குளிமுறியில வழுக்கி விழுந்தேன் அக்கா. கையில பிளாஸ்டர். பயப்படாதே." பாத்ரூமில் விழுந்தாளாம்.

இன்று குடோனில் சரியான தூசி. இருமி இருமி நெஞ்சு வலி. எந்தத் தசை என்று யோசித்தேன். விலாவுக்கு இடையில் இருப்பது.

ஜூன் 19, வியாழன்

பள்ளுருத்தி போனேன். ஆரஞ்சு, பிரெட் வாங்கிக்கொண்டு. சின்ன வீடு, சுத்தமாக வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சுரேஷும் இருந்தார், ஐஸ் கம்பெனி வண்டி ஓட்டுகிறவர். நல்ல மரியாதை. "இரிக்கு சேச்சி, மழையில வந்நல்லோ" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், நாரெல்லாம் எடுத்து.

இடது கை. முழங்கைக்கு மேல் வரை பிளாஸ்டர்.

சுரேஷ் சாயாப்பொடி வாங்கக் கடைக்குப் போனதும் ஜெ. எழுந்து அலமாரிக்கு மேலிருந்து எக்ஸ்ரேயை எடுத்தாள்.

"இந்தா அக்கா. ஓசியில ஒரு கிளாஸ். எது ரேடியஸ், எது அல்னா, சொல்லு."

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ரேடியஸ் முழுசாக இருந்தது. மணிக்கட்டு நன்றாக இருந்தது. அல்னா நடுவில் குறுக்கே ஒரு கோடு.

"இது அல்னா" என்றேன்.

"கரெக்ட்" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். சுரேஷ் திரும்பி வந்தார். சாயா குடித்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

ஜூன் 20, வெள்ளி

குடோனில் கை வேலை செய்கிறது, மனம் அந்தக் கோட்டிலேயே. ஒருவேளை வாளி விளிம்பில் இடித்திருக்கலாம். அப்படியும் உடையும். மேடம் "எப்போதும்" என்று சொல்லவில்லை.

ஆனால் அவளும் அதே வகுப்பில் இருந்தாள். என்னை விட நன்றாகப் படிக்கிறவள். தெரியாமலா எடுத்துக் காட்டினாள்? அவர் கடைக்குப் போகும் வரை காத்திருந்து?

இவரிடம் சொன்னேன். சோறு தின்றுகொண்டே கேட்டார். "அது அவங்க வீட்டுக் காரியம் கோமதி. நம்ம போயி கேட்டா, அடுத்த அடியும் அவளுக்குத்தான் விழும்." கோபமாக வந்தது. அவர் சொன்னது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கேட்டுவிட்டேன். போனில்.

"ஜெயந்தி, குளிமுறியில விழுந்தா அந்த இடத்துல உடையாது."

டிவி சத்தம் மட்டும். பிறகு மெல்ல, "பரீட்சைக்குப் படிச்சதை பரீட்சையில எழுது அக்கா. என் வீட்டுக்குள்ள கொண்டு வராதே."

வைத்துவிட்டாள்.

பெண்கள் ஹெல்ப்லைன் நம்பரை மெசேஜில் அனுப்பினேன். உடனே பதில்: "டெலிட் பண்ணிட்டேன். அவர் போன் நோக்குவார். இனி அனுப்பாதே." அதையும் அழித்துவிட்டாள்.

எனக்கு அந்த அறிவு கூட இல்லாமல் போனதே. ஒரு நம்பரால் இன்னொரு அடி வாங்கியிருப்பாளோ என்று நாள் முழுக்க.

சிறுநீரகம் படித்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

ஜூன் 28, சனி

வெயில். ஆறு நாளாக அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இன்று காலை வாசலில் நிற்கிறாள், குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

"ஆஸ்பத்திரிக்கு பிளாஸ்டர் காட்டணும்னு சொல்லி வந்தேன். வேகம் போகணும். பரீட்சை உன் வீட்டுல எழுதட்டா அக்கா?"

"எழுது."

"அவர் வேண்டான்னு சொல்லல. வீட்டுல எழுதுன்னுதான் சொல்றார். ஆனா எழுத விடமாட்டார். அது உனக்கு மனசிலாகும்."

ஆகும் என்றேன். உள்ளறையைக் காட்டினேன். தாழ்ப்பாள் விழுகிறதா என்று அவளே இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். போகும்போது, "சிறுநீரகத்துல ஹென்லே லூப் கட்டாயம் வரும். இறங்குறப்ப தண்ணி போகும், ஏறுறப்ப உப்பு போகும். மறக்காதே" என்றாள். இறங்கி ஓடினாள்.

ஜூலை 5, சனி

எழுதிவிடுகிறேன், நடந்த வரிசையில்.

இவர் டூட்டிக்குப் போயாச்சு. ஜெ. உள்ளறையில் அவள் போனோடு, தாழ் போட்டுக்கொண்டு. நான் முன்னறையில், மேசையில் என் போனோடு. கேமரா முகத்தையே பார்க்கும். பேசக் கூடாது, வேறு ஆள் குரல் கேட்கக் கூடாது, இடத்தை விட்டு எழுந்தால் பரீட்சை ரத்து. இரண்டு பேருக்கும் இதே சட்டம்.

நல்ல கேள்விகள். எல்லாம் தெரிந்தது. இதயம் வந்தது, பள்ளுருத்தி, பாலம். ஹென்லே லூப் வந்தது. இந்தத் தடவை பாஸ் என்று நன்றாகவே தெரிந்தது.

பாதியில் கதவு தட்டும் சத்தம். "சேச்சீ." சுரேஷ் குரல், கதவுக்கு வெளியே மெல்ல. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி, "சேச்சீ, ஜெயந்தி உண்டோ இவ்விட?" பிறகு செருப்புச் சத்தம் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனது. பின்பக்கம் உள்ளறை ஜன்னல். கொக்கி சரியில்லாத ஜன்னல். அவர் அங்கே நின்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், அவள் பரீட்சையும் போய்விடும்.

எழுந்தேன். யோசித்து எழுந்தேன் என்று சொல்ல முடியாது. கால் எழுந்துவிட்டது.

பின்பக்கம் ஓடி, வாயில் விரல் வைத்துக் காட்டி அவரை முன்பக்கம் கூட்டி வந்து, "அங்க என்ன?" என்றேன்.

அதே மரியாதை. "ஒண்ணுமில்ல சேச்சி. அவளைக் கொண்டுபோக வந்நதா."

"பரீட்சை எழுதுறா. முடிஞ்சதும் வருவா."

"கை இப்படி இருக்கறப்ப எதுக்கு சேச்சி பரீட்சை? நான் பாத்துக்க மாட்டேனா?"

முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. வலது கையில் பைக் சாவி. அதை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அடுத்த வீட்டுத் துணிக்கொடியில் யாரோ நின்று பார்த்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, "சாயா போடறேன், வாசல்ல உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். போட்டேன். சர்க்கரை கீழே கொட்டியது. அவர் மெல்ல மெல்லக் குடித்தார். அரிசி விலை பற்றிப் பேசினார். இன்னொரு கிளாஸ் கொடுத்தேன். என் போன் மேசையில் எதையோ எழுதிக் காட்டி அணைந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

ஜெ. வெளியே வந்தாள். முழுவதும் எழுதிவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. வாசலில் அவரைப் பார்த்தாள். மேசையில் என் போனைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. செருப்பைப் போட்டுக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறினாள், நல்ல கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு.

"சாயா நன்னாயிருந்நு சேச்சி" என்றார்.

திரையில்: உங்கள் தேர்வு நிறுத்தப்பட்டது.

ஜூலை 7, திங்கள்

ஜெ. போன் அணைந்திருக்கிறது. காலேஜுக்கு மெயில், இவர் உதவி செய்து இங்கிலீஷில். வீட்டில் அவசரம் என்று மட்டும். வேறு என்ன எழுத?

இவர் நேற்று ஜன்னலுக்குப் புதுக் கொக்கி அடித்தார். நான் கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

பள்ளுருத்தி. சுரேஷ்தான் கதவைத் திறந்தார், பாதி. "அவ உறங்குது சேச்சி." பகல் பதினொரு மணிக்கு. உள்ளே ஒரு பாத்திரம் நகர்ந்த சத்தம். "ஜெயந்தி!" என்று கூப்பிட்டேன். சத்தம் நின்றது. கதவைச் சாத்தினார்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு பெண் போலீஸ். நன்றாகத்தான் கேட்டார். "அந்தப் பொண்ணே வந்து சொல்லணும் சேச்சி. இல்லேன்னா நாங்க போயி கேக்கலாம். அவங்க 'ஒண்ணுமில்லை'ன்னா திரும்பி வரணும். போகட்டா?" என்று என்னிடமே கேட்டார். போங்க என்றேன். சாயங்காலம் போனில் பதில்: போனார்கள், ஜெ. வாசலுக்கு வந்து குளிமுறியில் விழுந்ததாகச் சொன்னாள்.

நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா, தெரியவில்லை.

ஜூலை 21, திங்கள்

ரிசல்ட். ஜெயந்தி 81. பேட்ச்சிலேயே முதல். குரூப்பில் எல்லாரும் கைதட்டல் படம் போட்டார்கள். அவள் பார்த்த அடையாளமே இல்லை.

எனக்கு 26ஆம் தேதி ஒரே ஒரு தடவை மறுபரீட்சை. காலேஜ் இரக்கப்பட்டது.

ஜூலை 24, வியாழன்

கேள்வி கேட்க ஆள் இல்லை. பழைய வாய்ஸ் மெசேஜ்களைத் தேடி எடுத்தேன். மே மாதத்தில் ஜெ. அனுப்பியவை. கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லக் கொஞ்சம் இடைவெளி விட்டு, "சரி, அடுத்தது" என்பாள். சுக்கு பொறுக்கிக்கொண்டே காதில் போட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள், "யார்கூட பேசுறே?" என்றாள். டீச்சர்கூட என்றேன்.

ஒன்றில் பின்னால் சுரேஷ் குரல் கேட்கிறது. "மதி, நிறுத்து." போதுமாம். அவள் அவசரமாக, "சரி அக்கா, நாளைக்கு." அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவே இல்லை.

ஜூலை 26, சனி

எழுதினேன். இவர் லீவு போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பாஸ். 58. இவர் பரோட்டா வாங்கி வந்தார். தின்றேன்.

திங்கள் முதல் எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரிப் பயிற்சி. பட்டியலில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அன்றைக்கு மத்தியானத்துக்குள் வராதவர்கள் பெயர் நீக்கப்படும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதல் பஸ். தூறல். வெள்ளைக் கோட்டு புதுசு, கழுத்தில் உறுத்துகிறது. டயாலிசிஸ் வார்டில் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மெஷின், குழாயில் ரத்தம் வெளியே போய் வெளியிலிருந்து திரும்பி வருகிறது. படத்தில் பார்த்தது வேறு.

ஆபீசில் ஒரு சார் பெயர் வாசித்தார். கோமதி. கையெழுத்துப் போட்டேன். ஜெயந்தி. யாரும் இல்லை. மறுபடி வாசித்தார்.

"வருவா சார்" என்றேன்.

"இவங்க வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்து சர்டிபிகேட் எல்லாம் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாரே. சேரலன்னு சொன்னாரு."

"அவ சொன்னாளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மத்தியானம் வரைக்கும் பட்டியல் என்கிட்டத்தான் இருக்கும்" என்றார்.

வார்டுக்கு அனுப்பினார்கள். படுக்கை விரிப்பு மாற்றினேன். ஒரு பெரியவர் கால் மரத்துவிட்டது என்றார், தலையணை வைத்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரம். எதிரே ஆபீசில் சார் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

படியில் ஓடி வரும் சத்தம். நைட்டி, தோளில் ஒரு துவர்த்துத் துண்டு, தலையெல்லாம் மழை. காலில் செருப்பு இல்லை. பிளாஸ்டர் எடுத்த கை குச்சிபோல. கையில் பையோ காகிதமோ ஒன்றும் இல்லை. என்னைத் தாண்டி நேராக சாரின் மேசைக்குப் போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"ஜெயந்தி" என்றாள். "என் பேரு விளிச்சோ சார்?"