டொராண்டோ தூரம்

மகனுக்கு,

உன் கல்யாண வீடியோ பார்த்தோம்.

திருவனந்தபுரத்திலிருந்து டொராண்டோ பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நடுவில் விமானம் மாறிப் போக ஒரு நாள் ஆகும், அம்மாவின் முழங்கால் தாங்காது என்றாய். நான் நம்பினேன். தேங்காயைத் தட்டிப் பார்த்தே அழுகலைச் சொல்கிற வியாபாரி, உன்னைத் தட்டிப் பார்க்கவில்லை.

உன் அம்மா அப்படி விடவில்லை. கால் தாங்குமா என்று பார்க்க, தென்காசியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் உட்கார்ந்தே போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். வீங்கிய காலோடு, "தாங்கிட்டுங்க, டிக்கெட் போடச் சொல்லுங்க" என்றாள். அதைச் சொன்னதும் நீ போனை வைத்துவிட்டாய்.

வீடியோவில் உன் மாமனார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரும் திருவனந்தபுரத்தில் ஏறியவர்தானாம். நாங்கள் நிற்க வேண்டிய இடத்தில் உன் முதலாளியும் அவர் மனைவியும் நின்று தாலி எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அம்மா வீடியோவை நிறுத்தினாள். "நம்மளக் கூட்டிட்டுப் போக வெக்கமா இருக்குன்னு அவன் சொல்லியிருந்தா, இந்தக் காலைத் திட்டாம இருந்திருப்பேன்" என்றாள்.

சீசனுக்கு மனைவியோடு வருகிறாயாம். குற்றாலத்தில் ரூம் போட்டுக்கொள். அருவியில் ஆசை தீரக் குளி. என் வீட்டுப் படி ஏறாதே.

இப்படிக்கு,
உன் அம்மாவின் புருஷன்