நான்கு செத்த வால்வுகள்

மாமல்லபுரம்,
9.6.2025

அன்புள்ள பெஞ்சமினுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, அதனால் கடிதம். வீட்டை விட்டு வந்த எட்டு மாதத்தில் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

கிடாருக்கு நானே வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய ரேடியோவின் டிரான்ஸ்ஃபார்மர், காயலான் கடை ஸ்பீக்கர், அடியில் அலுமினிய கேக் தட்டு. ஸ்பீக்கருக்குச் சத்தம் தள்ளுகிற பெரிய கண்ணாடி வால்வு மட்டும் இல்லை. உங்கள் சவுண்ட் சர்வீஸில் டப்பா டப்பாவாகக் கிடக்குமே, நல்லதாக ஒன்று பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள். டிசம்பரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கடற்கரை ஓட்டலில் வாசிக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மார்கரெட்


சிங்கப்பெருமாள் கோயில்,
14.6.2025

அன்பு மார்கரெட்டுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து படித்தேன். கேக் தட்டிலா கட்டுகிறாய்! சிரித்துவிட்டேன். வால்வைப் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். சத்தம் சரியாக வராவிட்டால் உன் ஈயப் பற்றவைப்பில்தான் கோளாறு, நீ அவசரக்காரி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஷாக் இருக்கும், ஜாக்கிரதை. என்ன ஆயிற்று என்று விவரமாக எழுது.

பெஞ்சமின்


மாமல்லபுரம்,
22.9.2025

அன்புள்ள பெஞ்சமினுக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்றாவது வால்வும் அப்படித்தான். உள்ளே சிவப்பாக எரிகிறது, சத்தம் மட்டும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கிறது. நீங்கள் சொன்னபடி எல்லா இணைப்பையும் மூன்று முறை பிரித்துப் பற்றவைத்துவிட்டேன். இடது கை விரல்களில் கொப்புளம், தந்தியை அழுத்த முடியவில்லை. எனக்குக் கை வராதோ என்று அழுகையாக வருகிறது. இன்னொன்று அனுப்பிப் பாருங்கள்.

கடையில் பூனை குட்டி போட்ட கதையை எழுதியிருந்தீர்களே, அதை இரண்டு முறை படித்தேன்.

மார்கரெட்


மாமல்லபுரம்,
8.12.2025

பெஞ்சமினுக்கு,

நான்காவது வால்வோடுதான் வெள்ளிக்கிழமை வாசித்தேன். ஓட்டல் முதலாளி எல்லார் முன்னாலும் வந்து, "இன்னா மேடம், கொசு பாடிகினு கீற மாரி கீது. பொட்டிய எடுத்துகினு கெளம்பு" என்றார். கிளம்பிவிட்டேன்.

மறுநாள் கேளம்பாக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிற தமிழ்வாணன் அண்ணன் தன்னிடமிருந்த பழைய வால்வு ஒன்றைச் சொருகினார். ஜன்னல் அதிர்ந்தது. என் பற்றவைப்பில் ஒரு குறையும் இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் நான்கு வால்வுகளையும் கவிழ்த்துப் பார்த்தேன். சோதித்துச் செத்துப்போனது என்று தெரிந்த வால்வுக்கு அடியில் என் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைப்பீர்கள். பாதி நாள் நான்தானே வைத்துக் கொடுப்பேன். பொட்டைத் தின்னரால் துடைத்திருக்கிறீர்கள். அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பிக் கால்களுக்கு நடுவில் துடைக்கவில்லை. நான்கிலும் சிவப்பு இருக்கிறது.

ஏன்?

மார்கரெட்


சிங்கப்பெருமாள் கோயில்,
11.12.2025

மார்கரெட்டுக்கு,

தெரிந்துதான் அனுப்பினேன். முதல் வால்வே வேலை செய்திருந்தால் 'கிடைத்தது, நன்றி' என்று ஒரு வரியில் முடித்திருப்பாய். கெட்டதை அனுப்பினால் திட்டவாவது எழுதுவாய். ஆறு மாதத்தில் பதினோரு கடிதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நாம் இவ்வளவு பேசியதில்லை. உன் விரலைப் பற்றிப் படித்தபோதும் எனக்கு மனசு வரவில்லை, நிறுத்த. அடுத்த கடிதம் வேண்டியிருந்தது.

நல்ல வால்வு இத்துடன் இருக்கிறது. பதில் எழுது.

பெஞ்சமின்


மாமல்லபுரம்,
15.12.2025

பெஞ்சமினுக்கு,

உங்கள் வால்வைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓட்டலில் வேறு ஆள் வாசிக்கிறான். அது போகட்டும்.

ஒரு விஷயம் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நிம்மதியாகத் தூங்குவீர்கள், அதனால் சொல்கிறேன். வீட்டில் வாயே திறக்காத மனுஷன் பூனையைப் பற்றியெல்லாம் எழுதுகிறாரே என்று மனசு இளகிப்போனது. செப்டம்பரில் அக்கா ஜாக்குலினிடம் சொல்லிவிட்டேன்: ஆம்ப்ளிஃபயர் பாடுகிற அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டு ஒரு பாட்டு வாசித்துக் காட்டிவிட்டு, உங்கள் வண்டியிலேயே வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று. துணியெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்திருந்தேன்.

நான்காவது வால்வு நல்லதாக இருந்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன்.

கடிதம்தானே வேண்டும் என்றீர்கள். இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கரெட்