அசருக்குப் பின் நீ எழுதிய கொப்பிகள்

மச்சி,

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை அறைக்குள் நிற்கிறது. உன் மூன்று கொப்பிகளிலும் அதே மணம். நீ மௌத்தாகிக் கண்மூடிய பிறகு அவற்றைப் பச்சைத் துணியில் சுற்றி, புகை காட்டி, முத்தமிட்டு, அலுமாரி மேல் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்தவர் உன் மாப்பிள்ளை, என் கூடப்பிறந்த காக்காதான். எழுத்து அறபு அல்லவா! உள்ளே இருப்பது நீ தமிழில் கொட்டிய ஏச்சும் கவலையும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் ஓதப் போகச் சொன்னால் கடலுக்கு ஓடிய மனிதர்.

நாம் இருவரும் ஒன்றாக ஓதியவர்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நம்மை யார் அனுப்பினார்கள்? அறபெழுத்திலேயே தமிழையும் எழுதப் பழகினோம். நான் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டேன். நீயோ ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, தறியடியில் குந்தி ஐந்தாறு வரி எழுதுவாய். கூப்பன் அரிசியில் கல் பொறுக்கியபடி நான் கேலி செய்வேன்.

"கடதாசியில ஏசிட்டா வாயால ஏசத் தேவல்ல, புள்ள," என்பாய். "போன வருசத்துக் கொப்பியப் பாத்தா சிரிப்பு வருது. இதுக்கா அழுத நான் எண்டு!"

எனக்கு அந்தப் பொறுமை ஏது? கோபத்தை மாதக்கணக்கில் ஊறப்போடுகிறவள் நான். கடைசியாக நாம் பிணங்கியதும் அப்படித்தான். என் மகளின் கலியாணப் பேச்சை நீ வெளியே சொல்லிவிட்டாய் என்று உன் வாசலில் நின்று கத்தினேன். பிறகு கதைக்கவில்லை. உனக்குக் கடும் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னபோதும் வரவில்லை. அந்தக் காய்ச்சலிலேயே நீ போய்விட்டாய்.

உன் நாற்பதாம் நாள் கத்தத்தன்று காக்கா கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு, லெவ்வை ஓதிக்கொண்டிருந்த சபைக்கு வந்தார். "என்ட பொஞ்சாதி ஒவ்வொரு நாளும் நபிக்குச் சலவாத்து எழுதின மனிசி. லெவ்வை, இதச் சபையில ஓதுங்க," என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. ஊர் ஆம்பிளைகள் முன்னால் உன் மனசையல்லவா விரிக்கப் போகிறார்!

"காக்கா, அது பொம்புளயள்ட கொப்பி, ஆம்புளயள் பாக்கப்படா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து கத்தினேன். லெவ்வை சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். கொப்பிகள் என்னிடம் வந்தன.

அன்று பின்னேரம் காக்கா மெதுவாக வந்து கேட்டார். "என்ன எழுதியிரிக்கா?"

"உங்களப் பத்தித்தான், காக்கா," என்றேன். பொய்யில்லை, பாதிக் கொப்பி அவருக்கு விழுந்த ஏச்சுத்தானே. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பிறகு நாம் சண்டை பிடித்த நாளைத் தேடிப் பிடித்தேன். நாலே வரி எழுதியிருந்தாய். 'மச்சி வந்து ஏசினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் கடும் கோபம், எழுதினேன், போய்விட்டது. மீன் ஆணம் காய்ச்சி அவளுக்குக் கொடுத்தனுப்பினேன்.'

அந்த ஆணத்தைச் சட்டியோடு திருப்பியனுப்பினேனே, மச்சி. மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது அசருக்குப் பிறகு நானும் எழுதுகிறேன். நீ சொன்னது சரிதான். மருமகன் மேல் வரும் கோபமும் பக்கத்து வீட்டுப் பிணக்கும் பொழுதுபட்டு மஃரிபு தொழுவதற்கு முன்பே இறங்கிவிடுகின்றன. வீட்டில் என் சத்தம் குறைந்துவிட்டது என்று மகள் சொல்கிறாள்.

அந்தச் சட்டியைத் திருப்பியனுப்பியதைத்தான் நாளாந்தம் எழுதிப் பார்க்கிறேன். அது மட்டும் இறங்கவில்லை.