முப்பத்தொரு பெருவிரலும் ஒரு கையெழுத்தும்

ஜனவரி 9, வெள்ளி

வாடைக்காற்று. விடிந்ததிலிருந்து தூறல். பள்ளிக்கூடத்துக்கு வந்தது பதினாறு பேர். கூரைக்குக் கிடுகு கேட்டு மனேஜர் சுவாமிக்கு இன்னுமொரு கடிதம் எழுத வேண்டும். நான் எழுதுவேன், அவர் ஆசீர்வாதம் அனுப்புவார்.

பத்து மணிக்கு ஈஸா நானாவின் வண்டி. முந்தலில் கடை வைத்திருப்பவர். வாரம் ஒருமுறை வந்து இங்கத்துப் பெண்களிடம் காய்ந்த கூனி வாங்கிப் போவார். இன்று கையில் ஓர் அச்சடித்த நோட்டீஸ்.

"ரீச்சர், இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. கடைச் செவத்துல ஒட்டச் சொல்லித் தந்தாங்க. எனக்கு இங்கிலீஷ் வராது. வாசிச்ச ஒருத்தன் சொன்னது நல்லா இல்ல."

நல்லாய்த்தான் இல்லை. கடலோரக் களப்பில் மீன்குஞ்சு குறைந்து போகிறதாம். ஆகவே ஒன்றரை அங்குலத்துக்குச் சிறிய கண்ணுள்ள வலை எதுவும் இனிப் போடக்கூடாது. வரைவுதான், இன்னும் சட்டமாகவில்லை. ஆட்சேபனை உள்ளவர்கள் மாத முடிவுக்குள் எழுதலாம். பொதுமக்களின் கருத்து வரவேற்கப்படுகிறது.

கூனி என்பது நெல்லளவு இறால். அதை இங்கே பெண்கள் பழைய சீத்தைத் துணியால் கோலிப் பிடிக்கிறார்கள். ஒன்றரை அங்குலக் கண்ணில் கூனி நிற்குமா? ஆண்கள் கடலுக்குப் போய் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அடுப்பு எரிவது கூனியில்.

கருத்து வரவேற்கப்படுகிறதாம். எட்டு வருடமாக இந்தக் கரையில் இருக்கிறேன், யாரும் யாரிடமும் கருத்துக் கேட்டுக் காணவில்லை. என்னிடமும்தான்.

இரவுக்குப் பாண், சம்பல். மண்ணெண்ணெய் கால் போத்தல்.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். பூசை முடிந்ததும் கோயில் வேம்படியில் பெண்களை நிறுத்தி நோட்டீஸைச் சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அப்ப நாங்க என்னத்தைத் திங்கிற?"

"துணியப் புடிக்கிறதுக்கும் சட்டமா? நாளைக்கு உடுக்கிறதுக்கும் போடுவானுகள்."

இது பிலோமினா. வயது என்னுடையதுதான் இருக்கும். புருஷன் நாலு வருடத்துக்கு முன் கடலில் போனவன், திரும்பி வரவில்லை. அவள் வாய்க்கு ஊர்த் தலைமைக்காரர் விதானையாரே ஒதுங்கி நடப்பார். (இனி பி.)

மனு எழுதித் தருகிறேன், எல்லாரும் பெயரும் பெருவிரல் அடையாளமும் வைத்தால் போதும் என்றேன்.

"பேர் வேணாம் ரீச்சர்," என்றாள் பி. "ரோடு கேட்டு மனு எழுதின முறை முதல்ல பேர் வெச்சது என்ட மனுசன். விதானையார் மூணு தரம் கூப்பிட்டு அவர் வீட்டு முத்தத்தில நிக்க வெச்சாரு. 'நீதானே தலைவன்' எண்டு."

"பெயர் இல்லாவிட்டால் யாரென்று எப்படித் தெரியும்?"

"விரல் இருக்குத்தானே? வட்டமா வெப்பம். வட்டத்தில முதல் ஆள் ஆரு, கடைசி ஆள் ஆரு?"

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். கெட்டித்தனமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது, அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மனு எழுதி முடிக்க மூன்று நாள். ஐந்து தடவை கிழித்தேன். 'பணிவுடன்' என்ற சொல் நாலு இடத்தில். இரண்டை வெட்டினேன்.

பின்னேரம் வந்தார்கள். வீட்டுக்குள்ளே வாங்கோ என்றேன். வழக்கம்போல "கால்ல சேறு ரீச்சர்". ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு உடுத்த வெள்ளைச் சேலை, எங்கே சேறு? எட்டு வருடமாக இதே பதில். கூனி தருவதானாலும் வேலியில் கொழுவிவிட்டுப் போவார்கள். வீட்டில் கதிரை இரண்டு. ஒன்றின் பிரம்பு தொய்ந்துவிட்டது, மற்றது வாங்கினபடி கிடக்கிறது.

பள்ளிக்கூடத் தரையில் தாளை வைத்து, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் கீறினேன். விளக்குக்கரியில் தேங்காயெண்ணெய். முப்பத்தொரு விரல். செபமாலை என்ற பெண் சிரித்துச் சிரித்து விரலை வழுக்கவிட்டாள், அவளுடையது மட்டும் வால் முளைத்த மாதிரி.

எடுத்து மடிக்கப் போனேன். பி. தடுத்தாள்.

"ஒரு இடம் காலியாக் கெடக்கு. நீங்களும் வைங்க ரீச்சர்."

"நானா? நான் கூனி பிடிக்கிறதில்லையே."

"தின்னுறீங்கதானே? வைங்க."

விரல் வைக்கவில்லை, கையெழுத்து வைத்தேன். படித்த திமிர். ஆனால் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போது பாடிக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் கவனித்தேன். வெட்கமாக இருந்தது, யாரும் இல்லாவிட்டாலும்.

ஜனவரி 28, புதன்

தலையிடி. இஞ்சிக் கோப்பி.

அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம். 'மிஸ் அருளம்மா அவர்களுக்கு. உங்கள் மனு.' எங்கள் மனு இல்லை, உங்கள் மனு. விசாரணை பெப்ரவரி 3, காலை பத்து, புத்தளத்தில்.

பி.யிடம் காட்டினேன். "அதுக்கென்ன, நாங்களும் வாறம். நானும் இன்னும் அஞ்சு பேரும். முதல் பஸ்ஸுக்கு ரோட்டடியில நிப்பம்." நெஞ்சில் அடித்துச் சொன்னாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி கடிதம் இந்த மாதமும் இல்லை. அவளுக்கும் நான் ஒரு முகவரி மட்டும்தான் போலிருக்கிறது.

பெப்ரவரி 3, செவ்வாய்

இருட்டோடு புறப்பட்டு ரோட்டடிக்கு இரண்டு மைல் நடை. ஒருவரும் இல்லை. பஸ்ஸைப் போகவிட்டு அடுத்ததுக்கு நின்றேன். அதற்கும் யாரும் இல்லை. ஏறினேன். மதுரங்குளி வரை ஜன்னலால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன், பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவருவார்கள் என்று நினைத்தேனா? மடைச்சி.

விசாரித்த துரைக்கு வயது குறைவு. மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வட்டத்துக்கு எந்தப் பக்கம் மேலே என்று பிடிபடவில்லை. பேச்சு இங்கிலீஷில்.

"இந்த அடையாளங்களுக்குப் பெயர் இல்லையே. இவர்கள் யாரென்று நான் எப்படி அறிவது? பெயர் ஒன்றுதான் இருக்கிறது, உங்களுடையது. ஆகவே மனுதாரர் நீங்கள் ஒருவர்தான்."

"மற்றவர்களும் வருவார்கள்." வாசலைப் பார்த்தேன். வாசலில் பியோன் மட்டும்.

"உங்கள் தொழில்?"

"ஆசிரியை."

"அப்படியென்றால் இந்த விதியால் உங்களுக்கு என்ன நட்டம்? தொழில் செய்கிறவர்களின் கருத்தைத்தான் நான் எடுக்கலாம்."

பேனாவைத் திறந்தார். தாளின் குறுக்கே எழுதப்போகிறார் என்று விளங்கியது. முப்பத்தொரு விரலுக்கும் மேலாலே.

"நானும் கூனி பிடிக்கிறேன்," என்றேன்.

கடவுளே. நாற்பத்துமூன்று வயதில், கச்சேரியில், வெள்ளைக்காரன் முன்னால்.

எப்படிப் பிடிப்பது என்று கேட்டார். சொன்னேன். இரண்டு பேர் துணியின் இரண்டு முனை. இடுப்பளவு தண்ணீர். துணி பழசாக இருக்கவேண்டும், புதுத்துணி தண்ணீர் விடாது. காலைத் தூக்கி வைக்கக்கூடாது, சேற்றில் இழுத்தே நடக்கவேண்டும், திருக்கை கிடக்கும். ஓலைப்பெட்டியை இடுப்புக் கயிற்றில் கட்டி மிதக்கவிடுவது. ஒன்றும் விடவில்லை. எட்டு வருடம் என் ஜன்னலில் வேறு என்ன இருந்தது பார்க்க?

"முதல் அள்ளுவதை அப்படியே திருப்பிக் களப்பில் ஊற்றிவிடுவோம்," என்றேன்.

"ஏன்?"

தெரியாது. பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. "மீன்குஞ்சு பிழைக்கட்டும் என்று," என்றேன்.

அது அவருக்குப் பிடித்துவிட்டது. அடியில் கோடு போட்டு எழுதினார். சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்து நேரில் பார்ப்பாராம். நானும் துணியோடு தண்ணீரில் நிற்கவேண்டுமாம்.



பெப்ரவரி 4, புதன்

பள்ளிக்கூடத்துக்கு நாலு பேர். அப்போதுதான் விளங்கியது. கூனி பட்டிருக்கிறது. நேற்று விடிய. களப்பு முழுக்கச் சிவந்து கிடந்ததாம், ஒரு வீட்டில் ஒருவர் மிச்சமில்லையாம்.

பின்னேரம் பி. வேலிக்கு அப்பால். கையில் பெட்டி நிறையக் கூனி. நான் படலையைத் திறக்கவில்லை.

"கோவமா ரீச்சர்?"

"இல்லை. எனக்கென்ன கோபம். நான் ஆர் உங்களுக்கு?"

"கூனி ஒரு நாள், ரெண்டு நாள்தான் நிக்கும். துரை எப்பவும் இருப்பாருதானே எண்டு நினைச்சம். பிழைதான். ஏசுங்க."

ஏசினேன். நன்றாக ஏசினேன். எட்டு வருடத்தது எல்லாம் வந்தது. வேலி, சேறு, கதிரை, நத்தார் பண்டிகைக்குக்கூட யாரும் உள்ளே வராதது. அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "துரை என்ன சொன்னாரு?"

சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். பெட்டியைக் கீழே வைத்தாள். வேலிக்கதியாலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், குந்தியிருந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"நீங்க! கூனி! அம்மாளே!"

பிறகு முதல் அள்ளலைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"குஞ்சுக்கு இல்ல ரீச்சர் அது. கடல்ல போன ஆக்கள்ற பங்கு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஆளை நினைச்சு ஊத்துவம்."

துரை கோடு போட்டு எழுதியது அவள் புருஷனின் பங்கை.

"விடுங்க," என்றாள். "விடிய வாங்க. பழஞ்சேலை ஒண்டு உடுத்துக்கிட்டு."

பெப்ரவரி 5, வியாழன்

விடியற்காலை தண்ணீரில். குளிர் எலும்பில். இரண்டு முறை விழுந்தேன். செபமாலை துணியின் மறுமுனையை விட்டுவிட்டு என்னைத் தூக்கினாள், கூனி முழுக்கப் போய்விட்டது. யாரும் ஏசவில்லை. "காலை இழுங்க ரீச்சர், இழுங்க! வகுப்பில நடக்கிற மாதிரி நடக்காதிங்க!"

கற்பிக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. எனக்கும் இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

பெப்ரவரி 6, வெள்ளி

இடுப்பு பிடித்துவிட்டது. வேப்பெண்ணெய். உள்ளங்கை கிழிந்திருக்கிறது. இன்று விழவில்லை. முதல் அள்ளலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பி. கேட்டாள், "உங்கட ஆள் ஆரு?" எனக்குக் கடலில் போனவர் இல்லை. அம்மாவை நினைத்து ஊற்றினேன், கட்டிலில் போனவள். பரவாயில்லையாம்.

பெப்ரவரி 7, சனி

மேகம் இல்லை. இன்ஸ்பெக்டர் ஏழரைக்கு வந்தார், சப்பாத்தோடு. சேற்று விளிம்பில் நின்றுவிட்டார், அதற்கு மேல் வரவில்லை. தமிழ் பேசுவார்.

எல்லாரும் இறங்கினோம். எல்லாருக்கும் தலையில் துணி, முகத்தில் வெயில். இன்ஸ்பெக்டர் விரலை நீட்டி ஆட்களை எண்ணினார். நானும் மனதுக்குள் எண்ணினேன், பள்ளிக்கூட வழக்கம்.

"முப்பத்திரண்டு," என்று சத்தமாகச் சொல்லி எழுதினார்.

பிழை. முப்பத்தொன்று. திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்றுதான். திருத்தவென்று கையைத் தூக்கிவிட்டேன். பி. துணியை வெடுக்கென்று இழுத்தாள்.

"உங்களையும் சேர்த்துத்தான் ரீச்சர்."

தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம் வராமல் அழுவதற்குக் களப்பு வசதியான இடம், முகம் ஏற்கெனவே நனைந்திருக்கும்.

முதல் அள்ளலை ஊற்றினோம். இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்து பி.யிடம் கேட்டார், "இது ஏன்?" அவள் வெற்றுப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு நேராக அவரைப் பார்த்தாள்.

"குஞ்சுகள் பிழைக்கட்டும் எண்டுதான் ஐயா. ரீச்சர் சொன்னதுதான்."

கரைக்கு வந்ததும் பெயர்கள் வேண்டும் என்றார். யாரும் அசையவில்லை. விதானையாரும் குடையோடு வந்து நின்றார். பி. முந்தானையைப் பிழிந்து உதறினாள்.

"முதல்ல என்ட பேர் எழுதுங்க ஐயா. பிலோமினா."

அதன்பின் வரிசையாக. கடைசியில் நான். தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது, எல்லாருக்கும் கூனி என்று எழுதிக்கொண்டே வந்தவர் எனக்கும் அதையே எழுதிவிட்டார். திருத்தவில்லை.

கையால் பிடிக்கிற துணியை விதிக்கு வெளியே வைக்கலாம் என்று எழுதுவாராம். முடிவு மேலிடத்தில். வரும்போது வரட்டும்.

எனக்கு நடுக்கம் நிற்கவில்லை. பி.யும் செபமாலையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். படலையில் நிற்பார்கள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பின்னால் வந்தவர்களும் நிற்கவில்லை. என் அடுப்பில் என் தேத்தண்ணீர், என்னைக் கேட்காமல். சீனி எங்கே என்று ஒருத்தி அலுமாரியைத் திறந்தாள். பி. புதுக்கதிரையில் இருந்துகொண்டு, "இதென்ன ரீச்சர், இருக்க ஏலாத கதிரை," என்றாள்.

பெப்ரவரி 8, ஞாயிறு

தரை முழுக்கச் சேற்றுக்கால். காய்ந்து வெடித்துவிட்டது. பூசைக்கு நேரமாகிறது, கழுவவில்லை. நாளைக்கும் கழுவமாட்டேன்.