மந்திரம் சொல்லாத மருந்து

4 மார்ச் 1929, திங்கள்

நான் மாதா கோயில் மதிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, சர்க்கார் புதிதாகத் திறந்த குழந்தை நல நிலையத்துக்கு யார் யார் போகிறார்கள் என்று வேவு பார்த்தேனாம். பக்கத்து ரயில்வே குவாட்டர்ஸ் பவுனம்மாள் காலையில் வந்து சொன்னாள். இது தவறு. நான் மதிலுக்குப் பின்னால் நிற்கவில்லை. என் மருந்தறையின் சன்னலில் நின்றேன். அந்தச் சன்னல் தெருச் சடக்கைப் பார்த்திருப்பது என் குற்றமல்ல. சர்க்கார் எதிர்ப்புறத்தில் கடை திறந்ததும் என் குற்றமல்ல.

“அப்ப எத்தன பேரு போனாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்கறீங்க,” என்றாள்.

“பத்தொன்பது பேர்,” என்றேன்.

காப்பியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு என்ன.

என் வீட்டுக்காரர் காலமான வருஷம் தொடங்கிய மருந்தறை இது. பிரிக்பீல்ட்ஸில் அப்போது கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பெண்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. காய்ச்சலுக்குக் கொயினா, விளக்கெண்ணெய், சொறிக்கு மருந்து எல்லாம் என் கையால்தான். பினாங்குக் கன்னியர் மடத்தில் கற்ற ஒழுங்கின்படி முதலில் கை கழுவ வேண்டும். பிறகு கைகூப்பி என்னோடு பரலோக மந்திரம் சொல்ல வேண்டும். பிறகுதான் மருந்து. எல்லோரும் இந்துக்கள், ஒருத்தியும் மறுத்ததில்லை. உச்சரிப்பு தவறினால் திரும்பச் சொல்ல வைப்பேன். ஆண்டவர் சொல்லித்தந்த செபத்தை அரைகுறையாகச் சொல்லக் கூடாது.

7 மார்ச்

இன்று இரண்டே பேர். ஒருத்தி, பிள்ளை நிறுக்கிற வீட்டுக்கு எப்படிப் போவது என்று வழி கேட்க வந்தவள்.

9 மார்ச், சனி

போய்ப் பார்த்தேன். பார்க்காமலே குறை சொல்லக் கூடாது அல்லவா.

நர்ஸ் இராஜம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். காலில் வெள்ளைச் சப்பாத்து. சைக்கிளில் வருகிறாள், சேலையோடு. குழந்தைகளைப் பாசாரில் கத்தரிக்காய் நிறுப்பதுபோல் தராசில் கிடத்தி எடை பார்க்கிறாள். தாய்மார்கள் அந்த எண்ணை ஒருத்திக்கொருத்தி சொல்லிப் பீற்றிக்கொள்கிறார்கள். என்னிடம் தராசு கிடையாது. தராசு வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை?

“வாங்கம்மா, உட்காருங்க,” என்று தன் நாற்காலியையே தந்தாள். “உங்களப் பத்தி எல்லாரும் சொல்வாங்க.”

“என்ன சொல்வார்கள்?”

“ரொம்பக் கண்டிப்புன்னு.”

பெண்கள் சிரித்தார்கள். என் எதிரில் அவர்கள் சிரித்து நான் கேட்டதில்லை. அவளும் அவர்களோடு சிரித்தாள். அவள் அசிங்கமாகவோ திமிராகவோ இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அப்படியும் இல்லை.

வெளியே வரும்போது ஒருத்தி, “மருந்தம்மா!” என்று கூப்பிட்டாள். இத்தனை வருஷம் அது என் பெயர்; திரும்பினேன். கூப்பிட்டது இராஜம்மாவை.

11 மார்ச்

கதவில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன்: அங்கே போகிறவள் இங்கே வர வேண்டாம். இங்கே வருகிறவள் அங்கே போக வேண்டாம்.

மாலையில் எங்கள் கோயில் சுவாமியார் வந்தார். பிரான்சுக்காரர், அவர் தமிழ் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதுபோல் இருக்கும்.

“அம்மா, நோயாளிகள் நம் சொத்து அல்லர்.”

“சர்க்கார் வரிப்பணத்தில் கொடுக்கிறது, சுவாமி. நாம் அன்பினால் கொடுக்கிறோம்.”

“அப்படியானால், சர்க்கார் கொடுப்பதைப் பார்த்து அன்பு மகிழ வேண்டும். தாங்கள் மகிழ்ச்சியாக இல்லை.”

தபசு காலம், கோபிக்கக் கூடாது. அவருக்கு வாசல்வரை விளக்குப் பிடித்தேன்.

14 மார்ச்

வீரம்மா வந்தாள். ரயில்வே லயத்துப் பெண். இடுப்பில் காய்ச்சல் பிள்ளை. கையில் என் குப்பி இல்லை — சர்க்கார் சீட்டு ஒட்டிய குப்பி!

“கொயினா அங்க குடுத்தாங்கம்மா. நீங்க மந்திரம் மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க.”

மருந்தை அங்கே வாங்கி, செபத்தை இங்கே வாங்குவாளாம். நான் என்ன தாயத்துக் கட்டுகிறவளா? “யார் மருந்து கொடுத்தாளோ அவளிடமே கேள்,” என்று கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிள்ளை முனகியது கேட்டது.

15 மார்ச்

யாரும் வரவில்லை. அலமாரியைத் துடைத்தேன்.

19 மார்ச், சூசையப்பர் திருநாள்

இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன்.

பூசை முடிந்ததும் பவுனம்மாள் சொன்னாள், வீரம்மா பிள்ளை கண் திறக்கவில்லை என்று. லயத்துக்குப் போனேன். இருட்டு அறை, தரையில் சாக்கு, அதன்மேல் பிள்ளை அடுப்புக் கல்போலக் கொதித்துக் கிடந்தது. மாடத்தில் அந்தக் குப்பி. தக்கை எடுக்கப்படவே இல்லை. கழுத்துவரை மருந்து.

“ஏன்டி குடுக்கல? ஏன் குடுக்கல?”

“மந்திரம் சொல்லலியேம்மா.”

“என்ன மந்திரம்?”

“நீங்க சொல்ற மந்திரந்தான். அது சொல்லாத மருந்து பச்சத் தண்ணிதானே. அந்த அம்மாவுக்கு அது தெரியல. பாவம், சின்னப் பொண்ணு.”

அப்படி நான் எப்போது சொன்னேன்? ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் மந்திரம் சொல்லாமல் ஒரு சொட்டாவது கொடுத்திருக்கிறேனா? அதுவும் இல்லை. நான் விசுவாசத்தை விதைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் ‘மந்திரம்’ என்ற ஒரு சொல்தான்.

குப்பியைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. “சொல்லிட்டுக் குடுங்கம்மா, சொல்லிட்டு.” வாதாட நேரம் எங்கே? சாணித் தரையில் மண்டியிட்டுச் சொன்னேன். அவளும் சொன்னாள், பாதிச் சொல்லை விழுங்கி. திருத்தவில்லை. தாயே பிள்ளையின் வாயைத் திறந்தாள். பாதி உள்ளே போனது, பாதி வழிந்தது.

பிறகு நானே சடக்கைத் தாண்டி அந்த நிலையத்துக்குப் போனேன். “வாம்மா, சீக்கிரம் வா,” என்றேன். இராஜம்மா உடனே பையை எடுத்தாள். லயத்தில் குப்பியைப் பார்த்ததும், “ஏன் குடுக்கல?” என்று அவளும் கேட்டாள். வீரம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் கொண்டுபோனார்கள். பிள்ளை இராஜம்மாவின் விரலைப் பிடித்திருந்தது. அந்த நேரத்திலும் என் கண் அந்த விரலில்தான் இருந்தது. ஆண்டவரே, என்ன மனம் இது.

22 மார்ச்

பிள்ளை பிழைத்தது. கஞ்சி குடிக்கிறதாம்.

23 மார்ச், சனி

இராஜம்மா மருந்தறைக்கு வந்தாள். நான் நாற்காலி தந்தேன்.

“இன்னும் எத்தன வீட்டுல குப்பி தக்கையோட இருக்குன்னு தெரியலம்மா. எட குறையுற பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் போயிப் பாத்தேன். நெறைய இருக்கு. நீங்க திங்கக்கிழம அங்க வந்து மந்திரம் சொல்லிடுங்களேன். பெரிய டாக்டர்கிட்ட நான் கேக்கறேன்.”

எழுத வெட்கமாக இருக்கிறது, மனசு துள்ளியது. அத்தனை தராசும் சப்பாத்தும் இருந்தும் நான் இல்லாமல் அவளுக்கு நடக்கவில்லை. திங்கள்தோறும் போய் நடுவில் நிற்கலாம். எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள்.

அவள் போனபின் சுவாமியாரிடம் போனேன். முழுவதும் கேட்டார்.

“செபம் கொயினா அல்ல என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.”

“அவளே சொல்லட்டுமே.”

“அவள் சொன்னால் நம்புவார்களா, அம்மா?”

நம்ப மாட்டார்கள். நான் சொன்னால்தான் நம்புவார்கள். சொல்லிவிட்டால் பிறகு என்னிடம் எதற்கு வருவார்கள்?

24 மார்ச், குருத்து ஞாயிறு

தூங்கவில்லை.

25 மார்ச், திங்கள்

நிலையத்தின் பெரிய டாக்டர், வெள்ளைக்காரத் துரைக்கு எழுதி அனுப்பினேன். ஆங்கிலத்தில், மூன்று முறை திருத்தி. அதன் விவரம் இங்கேயும் இருக்கட்டும்:

“ஐயா, தங்கள் நிலையத்துத் தாய்மார்கள் பலர், என்னுடைய வழக்கத்தால், செபம் சொல்லாத மருந்துக்குப் பலனில்லை என்று நம்புகிறார்கள். ஆகவே மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. செபம் செய்யத் தங்கள் நிலையத்தில் எனக்கு இடம் வேண்டாம். திங்கட்கிழமைகளில் வாசலில் நின்று, இது தவறு என்று அவர்களிடம் நானே சொல்லவும், தங்கள் கொயினாவில் முதல் கரண்டியைச் செபம் எதுவும் சொல்லாமல் அவர்கள் எதிரில் நான் குடித்துக் காட்டவும் அனுமதி வேண்டும். என் மருந்தறையின் அலமாரியும் இருப்பும் தங்கள் நிலையத்துக்குப் பயன்படுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். நர்ஸ் இராஜம்மா நன்றாக வேலை செய்கிறாள். இதற்குத் தங்கள் பதிலை அவள் மூலம் வாய்மொழியாகச் சொல்லியனுப்ப வேண்டாம். என் பெயருக்கு, எழுத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.”