மடித்த இலை

அன்பு மகள் பிரீஜாவுக்கு அச்சன் எழுதுவது. இடவ மாதத்து மழை பிடித்துக்கொண்டது, என் முட்டி வலியும் கூடவே வந்துவிட்டது, மற்றபடி எனக்கும் உன் அம்மாவுக்கும் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் நிலாக்குட்டியும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன வாரம் போனில் என் அண்ணனைப் பற்றி நீ ஒரு கேள்வி கேட்டாய், வல்யச்சன் கேட்கிறார் என்பதற்காக டயாலிசிஸை நிறுத்தினால் நாமே அவரைக் கொன்ற மாதிரி ஆகாதா அச்சா என்று. தினமும் அதே மெஷினைப் பிறருக்குப் போடுகிற நர்ஸ் நீ, உனக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன், நீயும் அழுதுகொண்டே வைத்துவிட்டாய். வகுப்பில் பதில் தெரியாத கேள்வி வந்தால் நாளைக்குச் சொல்கிறேன் என்பேன் அல்லவா, இது அந்த நாளை என்று வைத்துக்கொள்.

அண்ணன் முதலில் மதி, போதும் என்று சொன்னது மகர மாதத்தில், கையில் ஊசி குத்தும் இடம் பழுத்துக் காய்ச்சலில் கிடந்தபோது. அவரைக் கட்டியவள், தங்கம் ஏட்டத்தி, அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் மதி என்றால் யார் நம்புகிறார்கள், மதி என்றவனுக்கு இன்னொரு கரண்டி போடுவதுதானே மரியாதை. அதிலும் உன் வல்யச்சன், கூட்டுறவு வங்கியில் செக்ரட்டரியாக இருந்தபோதும் ஊரில் கல்யாணம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிச் சாம்பார் வாளியோடு பந்தியில் இறங்குகிறவர், இலைக்கு மேல் கையை விரித்து மதி மதி என்று கதறுகிறவனின் விரலிடுக்கிலும் ஊற்றிவிட்டுத்தான் நகர்வார். அதனால் ஏட்டத்தி, உங்க மதியைப் பத்தி எனக்குத் தெரியாதா, பேசாம வண்டியில ஏறுங்க என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வலி தணிக்கிற சிகிச்சைக்காக வீட்டுக்கு வருகிறார்களே சுஹரா டாக்டர், அவர்களும் உடனே தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. நான் பாடம் எடுத்த எட்டாம் வகுப்பில் ஒரு பையன் விளையாட வரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டே இருந்தான், கேட்டால் வயிற்று வலி என்பான், கடைசியில் பார்த்தால் நிக்கரின் பின்பக்கம் கிழிசல், தைத்துக் கொடுத்ததும் பந்தை விடவே இல்லை. டாக்டர் அப்படித்தான் கிழிசலைத் தேடினார்கள். ஏட்டத்தியை வெளியே அனுப்பிவிட்டு அண்ணனோடு தனியாகப் பேசினார்கள், தூங்கவிடாத அரிப்புக்கு மருந்து மாற்றினார்கள், மனச்சோர்வா, வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பா, யாராவது முகம் சுளித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், அவசரமில்லை, மறுபடி பேசுவோம் என்று போனார்கள். காய்ச்சல் போய் அரிப்பும் அடங்கி நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அண்ணன் சொன்னது அதேதான். தங்கத்தோட திட்டுகூட இப்ப இனிப்பா இருக்கு டாக்டரே, ஆனா ஒரு நாள் மெஷின், மறுநாள் அதோட களைப்பு, நடுவுல நான்னு ஒருத்தன் இருக்கேனான்னு தேட வேண்டியிருக்கு என்றார்.

ஏட்டத்தி உடைந்துவிட்டாள். நான் என்ன குறை வெச்சேன், என்னை விட்டுட்டுப் போக அவ்வளவு அவசரமா என்று அழுதாள். எடீ, இத்தனை வருஷம் உன் புளிசேரிக் குழம்பையே தாங்கினவன், மெஷினுக்கா பயந்து ஓடுவேன் என்றார் அண்ணன், அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டு அவர் மேல் துண்டை விட்டெறிந்தாள். அப்புறம் என் பிறந்த நட்சத்திரம் வந்தது, எல்லோரும் இங்கே வந்து இலை போட்டுச் சாப்பிட்டோம். டாக்டர் அனுமதித்த ஒரு வாய் பாயசத்துக்காக ஏட்டத்தி பாத்திரத்தோடு வரும்போது அண்ணன் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டார். எங்க, இப்ப ஊத்து பார்க்கலாம் என்றார். ஏட்டத்தி கரண்டியோடு அப்படியே நின்றாள். கையை விரிச்சா அது கூச்சம், அவனுக்கு ஊத்தலாம், நானே எத்தனை பேருக்கு ஊத்தியிருக்கேன். இலையை மடிச்சவன் மேல ஊத்தினா அது மரியாதையா தங்கம், நான் எப்பவோ மடிச்சாச்சு என்றார். ஏட்டத்தி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மடித்த இலையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

உன் கேள்வியை நான் டாக்டரிடமே கேட்டேன். மாஷே, நாம ஒண்ணைச் செஞ்சு உயிரை எடுக்கிறது வேற, வேண்டாம்னு தெளிவா சொல்றவர் உடம்புல வற்புறுத்திச் செய்யாம இருக்கிறது வேற, கொண்டுபோறது அவரோட நோய்தான். மனசு மாறினா அன்னைக்கே திரும்ப ஆரம்பிக்கலாம், மூச்சு முட்டாம வலிக்காம கடைசிவரை பார்த்துக்கிறது என் பொறுப்பு என்றார்கள். எனக்கு அது புரிகிறது. மனம் சமாதானமாகிவிட்டது என்று மட்டும் எழுத மாட்டேன், அண்ணன் இல்லாத அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன் என்று தெரியவில்லை.

ஆனால் மோளே, டாக்டர் சரி என்றும் ஏட்டத்தி சரி என்றும் சொன்ன பிறகும் அவர் இன்னும் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார், அது உனக்குத் தெரியுமா. ஆரம்பிக்கும்போது நீ லீவில் வந்து கையைப் பிடித்து, நான் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனாயே, அதற்காக. பிள்ளையில்லாத எனக்கு அவதானே எடா பிள்ளை, அவ சொல்லட்டும் என்கிறார். நேற்று மழையில் நனைந்து திரும்பியவரைக் காரிலிருந்து நானும் டிரைவருமாகத் தாங்கித்தான் இறக்கினோம். நீ சம்மதித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, உனக்குச் சந்தேகம் இருந்தால் கேள், ஆனால் என்னிடம் கேட்காதே, அவரிடம் கேள்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. நீங்கள் மூவரும் நிறைந்து வாழ எங்கள் இருவரின் ஆசிகள். இன்று இரவு நிலாக்குட்டிக்குச் சோறு போடும்போது அவள் மதி என்றால், ஏன் என்று ஒரு முறை கேள், அவள் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டுக் கரண்டியைத் திருப்பி எடுத்துக்கொள். அதற்கு உன் கை பழகியதும் வல்யச்சனுக்குப் போன் செய்.

என்றும் உன்
அச்சன்