ராகியைப் பழக்கிய நாட்கள்

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்று மூன்று இடம். ஹாலில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று, என் கம்பெனி ஷூவுக்குள் ஒன்று. ஷூவுக்குள் எப்படி அவ்வளவு குறி பார்த்துப் போனாள் என்றுதான் தெரியவில்லை.

நாய்க்குட்டி ராகி வந்து பதினோரு நாள் ஆகிறது. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், சாக்கடை ஓரமாக நடுங்கிக்கொண்டு கிடந்தாள். டிபன் பையில் போட்டுத் தூக்கி வந்துவிட்டேன். களி உருண்டையின் நிறம், அதனால் ராகி. மகள் ஹர்ஷி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு இந்த வீட்டில் நான், என் கணவர் பிரதாப், மாமனார் மூன்று பேரும் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். இப்போது மூன்று பேரும் ஒன்றாக நின்று தரையைப் பார்க்கிறோம்.

மாமா முதல் நாளே சொன்னார்: "மாடி வீட்டுக்கு நாயெல்லாம் ஒத்து வராது கண்ணு. பின்னாடி நீதான் கஷ்டப்படுவ." முப்பத்திரண்டு வருஷம் கெலமங்கலம் பக்கம் தபால்காரராக இருந்தவர். எத்தனை நாய் துரத்தியிருக்கும்!

14 ஆகஸ்ட்

பால்கனியில் பேப்பர் விரித்து வைத்தேன். போனாள்! நான்கு முறையும் பேப்பரில்தான் போனாள். இவ்வளவு சுலபமா?

15 ஆகஸ்ட்

சுலபமில்லை. கீழ் வீட்டு காத்தூன் அக்கா மேலே வந்தார். வீடு அவர்களுடையது. பால்கனியிலிருந்து குழாய் வழியாக ஒழுகி, அவர் துணி காயப்போட்டிருந்த கொடியில் சொட்டியிருக்கிறது.

"கோச்சுக்காத நிர்மலா. வாயில்லா ஜீவன் மேல எனக்கென்ன கோவம்? ஆனா தொழுகைக்குக் கட்டுற துணிம்மா. ஒரு சொட்டு பட்டாலும் மறுபடி அலசணும்."

நான் அலசித் தருகிறேன் என்று கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு வார்த்தை எங்களைச் சொன்னதில்லை அந்த அக்கா. கூசிப் போய் நின்றேன். பால்கனி முடிந்தது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்ன வயதுப் பெண். கன்னடம் கலந்த தமிழ். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் கீழே கூட்டிப் போக வேண்டும். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரே இடம். போனால் அந்த நொடியே பாராட்ட வேண்டும். பினாயில் வேண்டாம், வினிகர் தண்ணீரில் துடைத்தால்தான் பழைய வாசம் போகுமாம்.

"வீட்டுக்குள்ள போயிட்டா திட்டலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"வேண்டாம். திட்டினா 'இங்க போகக்கூடாது'ன்னு அதுக்குப் புரியாது. 'இவங்க பாக்கும்போது போகக்கூடாது'ன்னுதான் புரியும். அப்புறம் ஒளிஞ்சு ஒளிஞ்சு போகும்."

எனக்குக் காலை ஷிஃப்ட். பிரதாப் அத்திப்பள்ளி தாண்டிப் போகிறவர், இருட்டின பிறகுதான் வருவார். பகலில் யார்? மாமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சும்மாதான உக்காந்திருக்கேன், கூட்டிட்டுப் போறேன்" என்றார். எதிர்பார்க்கவேயில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

முழுதாக இரண்டு நாள் வீடு காய்ந்திருக்கிறது. காலி மனையில் எருக்கஞ்செடி ஓரத்தை அவளே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அவள் உட்காரும்போது மாமா வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார். மரியாதையாம்! காத்தூன் அக்கா ஜன்னலில் பார்த்துச் சிரித்தார்.

28 ஆகஸ்ட்

எல்லாம் போச்சு.

மாமாவின் அறையில், கட்டிலை ஒட்டிப் பெரிய ஈரம். "எந்திரிச்சுப் பாத்தா இப்படி இருக்குது" என்றார். பிரதாப் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பேப்பரைச் சுருட்டி ராகியை இரண்டு அடி அடித்தார். கத்தினாள். சோபாவுக்குக் கீழே புகுந்தவள் வரவேயில்லை.

"அடிக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

"அப்பா ரூம்ல போய்ப் பண்ணி வச்சிருக்கு. கொஞ்சச் சொல்றியா?"

இரண்டு பேரும் சாப்பிடாமல் கிளம்பினோம். மாமா தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

29 ஆகஸ்ட்

சோபாவுக்கு அடியில் போயிருக்கிறாள். இரண்டு முறை. டாக்டர் சொன்னபடியே, ஒளிந்து.

2 செப்டம்பர்

மறுபடி மாமாவின் அறை.

திட்டவில்லை. துடைத்தேன். வினிகர் வாசத்தில் எனக்கே தலை சுற்றுகிறது.

4 செப்டம்பர்

இன்று மெத்தையிலேயே. மாமா விரிப்பை அவரே உருவி, நனைத்துக்கூட வைத்துவிட்டார். "இதக் கொண்டுபோய் எங்கியாவது விட்ருங்க கண்ணு. என்னால முடியல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு ஒன்றுதான் பிடிபடவில்லை. ஹாலில் ஐந்து நாளாக ஒரு சொட்டு இல்லை. அவர் அறையில் மட்டும் ஏன்? அவரைப் பிடிக்கவில்லையா? ஆனால் நாள் முழுக்க அவர் காலடியில்தானே கிடக்கிறாள்? டாக்டருக்குப் போன் செய்தேன். சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொண்டு வரச் சொன்னார்.

6 செப்டம்பர்

பரிசோதனையில் ஒன்றுமில்லை. நல்ல ஆரோக்கியம் என்றார்கள். நோய் என்று வந்திருந்தாலாவது மருந்து கொடுத்துச் சரிசெய்திருக்கலாம்.

பிரதாப் முடிவு செய்துவிட்டார். தளியில் அவருடைய சிநேகிதர் ராஜ்குமாருக்குக் கோஸ் தோட்டம் இருக்கிறது. "அங்க ஓடி ஆடிட்டு இருக்கும். இங்க அப்பாவுக்கு எழுபத்தொண்ணு ஆச்சு, ஈரத்துல வழுக்கி விழுந்தா யார் பாக்கறது?" நியாயம்தான்.

7 செப்டம்பர், ஞாயிறு

ராகியை விட்டுவிட்டு வந்தோம்.

8 செப்டம்பர்

வீடு காய்ந்திருக்கிறது. எனக்கு இது வேண்டாம்.

10 செப்டம்பர், புதன்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் மூன்று மணிக்கு வந்தேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாடு மூடியது மூடியபடி இருந்தது.

"தளிக்குப் போலாமா கண்ணு?"

"எதுக்குங்க மாமா?"

"நாயக் கூட்டிட்டு வரணும்."

அப்பாடா, மனசு மாறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்து பையை வைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது பண்ணல. நான்தான்."

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வருஷமாகவே இருக்கிறதாம். அவசரமாக வரும், எழுந்து நாலடி வைப்பதற்குள் போய்விடும். மற்ற நேரத்தில் நின்று நின்று பார்த்தாலும் வராது. பஸ்ஸில் ஏறப் பயந்து தர்மபுரியில் சொந்தக்காரர் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறார். மூட்டு வலி என்று சொல்லிவிட்டார், நாங்களும் நம்பிவிட்டோம். முதல் நாள் துடைக்கக் குனிவதற்குள் பிரதாப் வந்துவிட்டாராம். "'என்னப்பா இது, நாயா?'ன்னு அவன்தான் கேட்டான், நான் தலைய ஆட்டிட்டேன்" என்றார்.

"ஒரு வாட்டி ஆட்டினேன். அப்புறம் நிறுத்த முடியல. அவன் அத அடிச்சான் பாரு... அன்னிக்கே சொல்லியிருக்கணும். என்ன எதுக்கு அடி வாங்குச்சுன்னு அதுக்குத் தெரியுமா? சாயந்திரம் மறுபடி என் கால்லயே வந்து படுக்குது."

அழுதார். பதினெட்டு வருஷத்தில் மாமா அழுது நான் பார்த்தது அத்தை போனபோது மட்டும்தான்.

"டாக்டர்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாலு மாசத்துல போயிட்டான். பேர் தெரியாம இருந்தா இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, இல்லையென்று எழுத மாட்டேன். மனுஷன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாலு மாசக் குட்டி மேல பழியப் போட்டு — ஆனால் அந்தக் கோபம் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. பேண்ட்டில் கறை பட்டு, அதைப் பையை வைத்து மறைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்றிருக்கிறேன்? யாரிடம் சொன்னேன்?

"மொதல்ல சாப்பிடுங்க. அப்புறம் போலாம்" என்றேன்.

ஸ்கூட்டரில் போனோம். வழியில் இரண்டு இடத்தில், மரம் இருந்த ஓரமாகப் பார்த்து, அவர் தோளைத் தொடும்போதெல்லாம் நிறுத்தினேன். நான் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தளி நெருங்க நெருங்கக் காற்று குளிர்ந்தது. ராகி கோஸ் கூடைகளுக்கு நடுவிலிருந்து ஓடி வந்தவள், என்னைத் தாண்டி நேராக மாமாவிடம் போனாள்.

பிரதாப்பிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகனிடம் தானே சொல்வாராம், ஆனால் இப்போது இல்லை. சரி என்றேன். "என்னால இருக்க முடியலங்க, கூட்டிட்டு வந்துட்டேன்" என்று பிரதாப்பிடம் சொன்னேன். பிடிவாதக்காரி என்று இரண்டு நாள் பேச மாட்டார். பேசாமல் இருக்கட்டும்.

13 செப்டம்பர், சனி

மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன், ரத்தம். பிரதாப்பிடம் சுகர் பரிசோதனை என்று சொல்லியிருக்கிறேன். ரிசல்ட் செவ்வாய்க்கிழமை. மாமா வாசலில் உட்கார்ந்து ராகியின் காதைத் தடவிக்கொண்டேயிருக்கிறார். அவருடைய அண்ணன் முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

16 செப்டம்பர், செவ்வாய்

ஒன்றுமில்லை! ஒன்றுமில்லை!

புராஸ்டேட் வீக்கம், கூடவே கிருமித் தொற்று. பயந்த விஷயம் இல்லவே இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். இந்த வயதில் நிறையப் பேருக்கு வருவதாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "அவசரம் வர வரைக்கும் காத்திருக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களா போயிட்டு வந்துடுங்க" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அந்த டாக்டருக்கு முன்னால் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்ன நினைத்தாரோ பாவம்.

வெளியே வந்து ஆளுக்கொரு காபி குடித்தோம். மாமா இன்னொரு போண்டா வேண்டும் என்றார்.

27 செப்டம்பர்

ராகி திரும்பி வந்த பிறகு சோபாவுக்கு அடியில் மூன்று முறை போனாள். நான் மறந்த இரண்டு நாளில், கதவருகே. அவ்வளவுதான். அடித்த பயம் போக நாளாகும் என்றார் கால்நடை டாக்டர். ஆனால் இன்று அவளாகவே கதவைப் பிறாண்டினாள். கீழே ஓடினோம். நான் கைதட்டியதைக் கேட்டு காத்தூன் அக்கா, "என்னம்மா, பரீட்சையில பாஸா?" என்று உள்ளிருந்தே கேட்டார்.

மாமாவின் கட்டில் பத்து நாளாகக் காய்ந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. அவர்தான் மெதுவாக வந்து சொன்னார்.

5 அக்டோபர், ஞாயிறு

பிரதாப் கூப்பிட்டால் ராகி இன்னும் வர மாட்டாள். அவருக்கு அது உறுத்துகிறது, ஒத்துக்கொள்ள மாட்டார். "அவகிட்ட என்னத்தப் பண்ணேன் நான்?" என்று இன்று கேட்டார். மாமா எழுந்து மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்.

20 அக்டோபர், தீபாவளி

ஹர்ஷி நேற்றே வந்துவிட்டாள், இன்று எட்டு மணி வரை தூங்கினாள். விடிந்ததிலிருந்து தெருவில் வெடி. ஒன்பது மணிக்கு வாசலுக்கு நேராக ஒரு அணுகுண்டு வெடித்தது. மூன்று வாரம் ஒரு சொட்டுத் தப்பாமல் இருந்த ராகி, நடு ஹாலில் அப்படியே போய்விட்டு, சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த பிரதாப் காலை வைத்துவிட்டார். "ச்சே! யார் பண்ணது இது?"

மாமா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "இந்த வாட்டி நான் இல்லப்பா."

பிரதாப் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"என்னப்பா சொல்ற?"

"என் ரூம்ல ஆனதெல்லாம் நான்தான்டா. நாயி இல்ல. நிர்மலாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. பயப்பட ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, மாத்திரைல சரியாயிடுச்சு." அதே மூச்சில், "கண்ணு, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார்.

ஊற்றினேன்.

பிரதாப்பின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் புது வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, சோபாவுக்கு அடியில் கையை நீட்டி, "வா ராகி. ஒண்ணுமில்ல, வா" என்றார். ரொம்ப நேரம் ஆனது. வந்தாள்.

அவளை ஒரு கையில் பிடித்துக்கொண்டே, தரை துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.